நூற்றில் ஒன்று கலைக்கு!

கடியப்பட்டணத்துப் பாறை முகட்டில் நிற்கும் கலங்கரை விளக்கத்தை வெளியூரார் 'முட்டம் விளக்கு' என்றே அழைக்கின்றனர். நிற்பது கடியப்பட்டணத்து மண்ணில். பெயரோ பக்கத்து ஊருக்கு! இதைச் சொல்லி நகைப்பாரும் உளர். சற்றே நோவாரும் உளர். ஒரு பொதுக் கட்டடத்தின் மேல் எந்தப் பெயர் ஏறுகிறது என்பது சிறு செய்தியன்று என்பதை அவ்வூராருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விளக்கைக் காண வருவோர் அதன் தோற்றத்தைப் போற்றுவர். படம் பிடித்துக் கொள்வர். ஆனால் அது அழகுக்கென்று கட்டப்பட்டதன்று. இருட்டில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் திரும்பும் கடலோடிக்குக் கரை எது, பாறை எது என்று காட்டுவதற்கென எழுந்த பொதுப்பணிக் கட்டடம் அது. பயனுக்கென எழுந்த ஒன்று, பார்ப்பவர் நெஞ்சிலும் இடம்பிடித்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் கலங்கரை விளக்கம் இடம்பெற்றிருப்பதை நம் படிப்பாளிகள் அறிவர். பயன்படு பொருளையும் பாட்டுக்குரிய பொருளையும் வேறுவேறாக வெட்டிப் பிரித்து வைத்த இனமன்று நம்மினம்.

இனி, அதே கடற்கரையில் சற்றே நடந்து, ஊர்ப்புறங்களில் நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டிகளை அண்ணாந்து பாருங்கள். நான்கு அல்லது ஆறு கால்கள். மேலே ஓர் உருண்டை. அதன் நெற்றியில் எழுத்துகள். முப்பதாயிரம், அறுபதாயிரம் இலிட்டர் என்று கொள்ளளவு எழுதியிருக்கும். தூய்மை செய்த நாள், அடுத்துத் தூய்மை செய்ய வேண்டிய நாள் என்று இரண்டு வரிகள் இருக்கும். (தொட்டியில் எழுதப்பட்டவற்றுள் நேர்மையான எழுத்து இதுதான், நாள் மட்டும் பல இடங்களில் பழையதாக இருக்கும்.) இவற்றுக்கெல்லாம் மேலே, பெரிய எழுத்தில், 'சல் சீவன் மிசன்' என்று இருக்கும்.

இக்கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில், பெயர் வேண்டா, அப்படியொரு தொட்டியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த முதிய அம்மையார் ஒருவர் என்னை அரசு அலுவலர் என்று எண்ணிக்கொண்டார் போலும்.

"ஐயா, அதுல என்னதாக்கும் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

எழுத்துத் தமிழ்; படித்துக் காட்டினேன். "அப்படீன்னா?" என்றார். பொருள் சொன்னேன். அவர் ஒரு நொடி தொட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "தண்ணி எந்நேரம் வரும்னு எழுதியிருக்கும்னுல்லா நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

என் நெஞ்சைச் சுட்ட இந்தச் சொல்லிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. ஊரிலேயே மிக உயரமான சுவர் நீர்த்தொட்டியின் சுவர். எல்லாரும் நாள்தோறும் பார்க்கும் சுவர் அது. அச்சுவரில் ஊராருக்கென்று ஒன்றுமில்லை. தில்லி தன் பெயரை எழுதிக்கொண்டது. நாட்டுக்குரியார் தம் பெயரைக் கல்வெட்டில் பதித்துக்கொண்டனர். ஒப்பந்தக்காரர் தமக்குப் பிடித்த நீலத்தைப் பூசிச் சென்றார். யாருக்காகத் தொட்டி கட்டப்பட்டதோ அவருக்கு அதில் ஓரெழுத்தும் இல்லை. ஒரு கோடும் இல்லை!

இத்திட்டம் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கான செலவில் பாதி நடுவணரசினுடையது, பாதி தமிழ்நாட்டரசினுடையது. இரண்டும் மக்கள் வரிப்பணமே. அதற்கும் மேலே, ஊருக்குள் நடைபெறும் வேலைகளின் செலவில் பத்து விழுக்காட்டை ஊராரே பங்காகத் தரவேண்டும் என்பது திட்டத்தின் நெறி. பழங்குடியினரும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதியாக வாழும் ஊர்களிலும் மலையூர்களிலும் ஐந்து விழுக்காடு. பணமாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம். ஆக, தொட்டிக்குத் தன் கையிலிருந்து கொடுத்தவர் அந்த மீன்கார அம்மையார். பெயர் சூட்டியவரோ எங்கோ இருப்பவர். கொடுத்தவனுக்குப் புரியாத மொழியில் கொடையைப் பதிவு செய்யும் முறையை வேறு எங்கேனும் கண்டதுண்டா?

இதை வெறும் பெயர்ப்பலகைச் சிக்கல் என்று தள்ளிவிட வேண்டா. கல்குளம் வட்டத்தார்க்கு இது பழைய புண். 1956 நவம்பர் 1 வரை இம்மண் திருவிதாங்கூர்-கொச்சியின் கீழ் இருந்தது. பள்ளியிலும் ஊராள் மனைகளிலும் தம் மொழி இரண்டாந்தரமாக நின்றதைப் பொறாமல்தான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டத்தாரும் நேசமணி முதலியோர் தலைமையில் எழுந்தனர். 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டுபட்டு வீழ்ந்தவர்கள், தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த பின்னும் தம் பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரின் மேல் அயன்மொழி எழுதப்படும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

சரி, அயற்பெயரைச் சுரண்டி எறிந்துவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. வெற்றுச் சுவர் வெற்றுச் சுவராக நெடுநாள் இராது. நாம் எழுதாவிட்டால் வேறு எவனோ எழுதுவான், கட்சிக்காரன் எழுதுவான், பற்பொடி விற்பவன் எழுதுவான். எனவே அங்கே எதை வைப்பது, யார் வைப்பது, எந்தப் பணத்தில் வைப்பது என்ற மூன்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். முதல் இரண்டையும் பற்றிப் பேசுவோர் பலர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோரைக் காணோம். பணத்தை விட்டுவிட்டுக் கலையைப் பேசுவது, மடியை விட்டுவிட்டு மீன்பாட்டைப் பேசுவது போன்றது.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தனர் என்று பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே திருவெள்ளறையில் ஒரு கிணறு இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் என்பானின் தம்பி கம்பன் அரையன் என்பவன் தோண்டியது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று அதற்குப் பெயர். அரசனின் ஆட்சியாண்டு நான்கில் தொடங்கி ஐந்தில் முடித்தான் என்று கல்வெட்டுச் சொல்கிறது. இன்றைக்குச் சற்றொப்ப 1200 ஆண்டுகள் ஆகின்றன. அது அரண்மனைக் குளமன்று, ஊர்க் கிணறு. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள்! நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் பாதி வழியில் மடங்கித் திரும்புகிறது. ஒரு துறையில் இறங்குவாரை மறுதுறையில் இறங்குவார் காண இயலாது. படித்துறை வாயில்களின் மேலே கல்லில் செதுக்கிய உருவங்கள். கல்வெட்டில், வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் ஒரு பாட்டு. குடத்தோடு வந்த பெண்ணுக்கு நீரும் கிடைத்தது, நாணமும் காக்கப்பட்டது, கண்ணுக்கு ஓர் உருவமும், செவிக்கு ஒரு பாட்டும் கிடைத்தன. இவற்றைத் தனித்தனிச் செலவென்று கம்பன் அரையன் பிரித்து எழுதவில்லை. எல்லாம் சேர்ந்ததே கிணறு!

இன்னொரு சான்று செய்யாற்றை அடுத்த உக்கல் என்னும் ஊரில் உள்ளது. இராசராசச் சோழன் காலத்தில் அவனுடைய பணியாள் கண்ணன் ஆரூரன் என்பவன் அங்கே ஒரு கிணறும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தான். அமைத்ததோடு அவன் நின்றுவிடவில்லை. நீர் இறைப்பவர்க்கு இவ்வளவு, பந்தலில் நீர் வார்ப்பவர்க்கு இவ்வளவு, கலம் வனைந்து தரும் குயவர்க்கு இவ்வளவு, பழுது பார்ப்பதற்கு இவ்வளவு என்று பிரித்து அறக்கட்டளையாக ஒதுக்கிக் கல்லில் வெட்டிவைத்தான். திறப்பு விழாவோடு தீர்ந்துபோகும் இக்காலப் பணிகளைப் பார்க்கும்போது, அந்தப் பணியாளின் கணக்கறிவு நமக்கு நாணத்தைத் தருகிறது. நம் நாஞ்சில் நாட்டுச் சுமைதாங்கிக் கற்களும் கல்மண்டபங்களும் இத்தகையனவே. தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கல். அக்கல்லை நட்டவர் நினைவுக்கு அதிலேயே இரண்டு வரி. பயனும் பதிவும் ஒரே கல்லில்!

வெள்ளையன் ஆட்சியில்கூட இவ்வுணர்வு முற்றும் மாளவில்லை. 1914-இல் செயற்படத் தொடங்கிய சென்னைக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தின் செங்கற் கட்டடத்தை இன்றும் நின்று பார்க்கத் தோன்றும். நம் மாவட்டத்திலேயே பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் பட்டணங்கால் நீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப் பாலம் இருக்கிறது. காமராசர் ஆட்சியின் திட்டம் அது. அதில் ஒரு பூவேலையும் இல்லை. ஓர் உருவமும் இல்லை. ஆயினும் நாடெங்கிலுமிருந்து மக்கள் அதைக் காண வருகின்றனர். நல்ல பொறியாளன் நல்ல கலைஞனும் ஆவான் என்பதற்கு அது சான்று. எல்லாத் தொட்டிகளும் மாத்தூரைப் போல் அமைந்துவிடுமானால் நான் இக்கட்டுரையை எழுத வேண்டியதில்லை. அமையவில்லையே! ஒரே வரைபடம், ஒரே வார்ப்பு, கும்மிடிப்பூண்டியிலும் அதுவே, குளச்சலிலும் அதுவே.

இப்பொழுது பணத்துக்கு வருவோம்.

இக்காலத்தில் பொதுச்சுவரில் ஓவியம் வரையப் பணம் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, நடுவணரசின் பரப்புரைப் பணம். 2014-இல் 'சுவச் பாரத்' தொடங்கியபின் கழிவறைச் சுவர்களிலும் குப்பைக் கிடங்குச் சுவர்களிலும் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி ஏறிற்றே, அது இவ்வகை. அதைக் கலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இரண்டு, முதலாளிகளின் பணம். சென்னைக் கண்ணகி நகரில் 2020-ஆம் ஆண்டளவில், ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட அடுக்குமனைகளின் சுவர்களில் பேருருவ ஓவியங்கள் தீட்டப்பட்டன. வண்ணம் விற்கும் பெருநிறுவனம் ஒன்று துணைநின்றது, மாநகராட்சியும் சேர்ந்துகொண்டது. ஓவியங்கள் பல நன்றாகவே உள்ளன. அங்கு வாழும் எளிய மக்களின் முகங்களே சுவரில் எழுந்தன என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் சிலம்பின் தலைவியுடைய பெயர் தாங்கிய ஊருக்கு ஆங்கிலத்தில் ஒரு கலைப்பட்டம் ஒட்டப்பட்டதையும் மறக்க மாட்டேன். பணம் கொடுப்பவன் மொழியில்தான் சுவர் பேசும்.

மூன்றாவது வழி, உள்ளாட்சியின் சொந்தப் பணம். 2009, 2010 ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராசர் சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை ஒழிப்பதற்காகத் தமிழர் வாழ்வியலைக் காட்டும் ஓவியங்களை வரையச் செய்தது. ஓவியக் கொட்டகையில் திரைப்படப் பதாகை எழுதிப் பிழைத்த கைகள் பல, அத்தொழில் அழிந்த காலத்தில் மீண்டும் தூரிகை பிடித்தன. அதுவே சரியான வழி. ஆனால் அதிலும் ஒரு குறை. ஆட்சியிலிருப்பவர் மனம்வைத்தால் வரும் பணம் அது. அவர் போனால் போய்விடும். வெயிலும் மழையும் பட்டு ஓவியம் மங்கியபின் மறுபூச்சுக்குத் தொகை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. உக்கல் ஊர்க் கண்ணன் ஆரூரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்!

ஆகவேதான் சட்டம் வேண்டும் என்கிறோம். மனம்வைத்துக் கொடுப்பதன்று, ஒதுக்கியே தீரவேண்டுவது. பிற நாடுகள் இதை எப்பொழுதோ செய்துவிட்டன. பிரான்சு நாட்டில் 1951-லிருந்து பள்ளிக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று கலைக்கு ஒதுக்கப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் மாநகரம் 1973-இல் இதைச் சட்டமாக்கியது. அங்கே மின்வாரியமும் குடிநீர் வாரியமும் மாநகராட்சிக்கே உரியவை, ஆதலால் அவையும் இச்சட்டத்துக்கு உட்பட்டன. 1979-இல் அங்கே ஒரு துணைமின் நிலையம் எழுந்தது. துணைமின் நிலையம் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? கம்பிவேலி, மண்டையோட்டுப் படம், 'இடர்' என்ற எழுத்து, அவ்வளவுதானே! அவர்கள் கெர்க்கே என்னும் முதிய கணவன் மனைவியரின் காற்றாடிகளை அங்கே நட்டுவைத்தனர். பழைய சட்டி, பானை மூடி, தலைக்கவசம் என்று ஒதுக்கித் தள்ளிய பொருள்களில் அவ்விருவரும் செய்த காற்றாடிகள் அவை. கலைக்கல்லூரியின் வாயிலை மிதியாதவர்கள். காற்று வீச, மின்நிலையத்தின் உள்ளே காற்றாடிகள் சுழல்கின்றன. குழந்தைகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கின்றனர்.

வியன்னாவில் 1987-இல் தீப்பற்றிய குப்பை எரிநிலையத்தை மீண்டும் எழுப்பும்போது உண்டர்ட்வாசர் என்னும் ஓவியரிடம் புறத்தோற்றத்தை ஒப்படைத்தனர், 1992-இல் முடிந்தது. குப்பை எரிக்கும் இடத்தைக் காண உலகோர் செல்கின்றனர். நம் நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். (நாற்றத்தை ஓவியம் போக்காது. முதலில் குப்பையைப் பிரித்து அகற்றுங்கள். ஓவியம் அதற்குப் பின்.)

'குடிக்கத் தண்ணீர் இல்லை, கலை ஒரு கேடா?' என்று கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். கடற்கரை ஊர்களில் கிணறு உப்பேறி, குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்பதைக் கண்ணால் கண்ட எவனும் இக்கேள்வியை எள்ளி நகையாட மாட்டான். சியாட்டிலிலும் இக்கேள்வி எழுந்தது. மின்கட்டணம் செலுத்துவோர் சிலர் வழக்காடினர்: 'நாங்கள் கட்டணம் கட்டியது விளக்கெரிய; அதில் நகரத்துக்கு அழகுப்பொருள் வாங்குவது என்ன முறை?' என்றனர். 2005-இல் மேல்முறையீட்டு மன்றம் ஒரு வரம்பு கட்டியது. மின்வாரியத்தின் பணத்தில் வாங்கப்படும் கலைப்பொருள், மின்வழங்கல் என்னும் அதன் பணியோடு நெருங்கிய தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கலையே கூடாது என்று அது சொல்லவில்லை. ஊரெங்கும் வாரி இறைக்காதே என்றது.

எனக்கு அத்தீர்ப்பு ஏற்புடையதே. நீர்த்தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் மாவட்டத் தலைநகரில் நாற்சந்தி நீரூற்று எழுப்பக் கூடாது. எந்தத் தொட்டிக்கான பணமோ, அந்தத் தொட்டியின் அடியிலேயே, அந்த நீரைக் குடிப்பவர் கண்ணெதிரிலேயே அது செலவாக வேண்டும். தொட்டி கட்டி, குழாய் பதித்து, ஓராண்டு நீர் ஒழுங்காக வந்தபின்தான் கலைக்குரிய தொகையை எடுக்கலாம் என்றும் சட்டத்திலேயே எழுதிவிடலாம். நீர் வராத தொட்டியில் மீன்கொத்தி வரைந்தால், அது பொய். மக்கள் அதன்மேல் சாணி எறிந்தாலும் நான் குறைசொல்ல மாட்டேன்.

தொகை எவ்வளவு வந்துவிடப் போகிறது? ஐம்பது இலக்கம் உருபாச் செலவில் ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒன்று ஐம்பதாயிரம். திறப்பு விழாப் பந்தலுக்கும் ஆளுயர மாலைக்கும் பதாகைக்கும் ஆகும் செலவை எவரேனும் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். பிறகு என்னிடம் வரட்டும்.

நூற்றில் இவ்வளவு என்று ஒதுக்கும் முறை கடற்கரை மக்களுக்குப் புதிதுமன்று. கடியப்பட்டணத்துத் தூய பேதுரு பவுல் கோயிலைப் போல இக்கரையில் வானளாவி நிற்கும் கோயில்களை எந்த அரசு கட்டிக்கொடுத்தது? எந்த முதலாளி கட்டிக்கொடுத்தான்? மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கம் இக்கரையெங்கும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. பாடு மிகுந்த நாளில் மிகுதி. குறைந்த நாளில் குறைவு. பசித்த வயிறும் பங்கு கொடுத்தது. 'எங்களுக்கே கஞ்சியில்லை, கோபுரம் எதற்கு?' என்று அவர்கள் கேட்கவில்லை. ஏனெனில் அக்கோபுரம் அவர்களுடையது என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. கடலிலிருந்து பார்த்தால் அது அவர்களுக்குக் கரையடையாளமும் ஆயிற்று. கோயிலுக்குத் தெரிந்த கணக்கு ஊராட்சிக்குத் தெரியாமற் போவானேன்?

எதை வைப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, திணிக்க மாட்டேன். கடலோரத்தில் வண்ணப்பூச்சு நில்லாது. உப்புக்காற்று சில ஆண்டுகளில் உரித்துவிடும். தொட்டியின் உடம்பில் ஆணி அறைந்து எதையும் மாட்டவும் கூடாது. துளைவழி உப்பீரம் புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்தால் பைஞ்சுதை வெடித்து உதிரும். எனவே தொட்டியைத் தொடாமல், அதன் அடியில், குழாய்த் துறையில், கல்லாக வையுங்கள். கல்லுக்கு நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்து மயிலாடியில் உளியோசை நாள் முழுதும் கேட்கிறது. அங்குள்ள கல்தச்சர்கள் ஊர்தோறும் கோயில்களுக்குப் படிமங்கள் செய்து அனுப்புகின்றனர். அவர்களிடம் ஓர் அரசுத்துறையேனும் 'எங்கள் நீர்த்துறைக்கு ஒரு குடம் வைக்கும் மேடை செதுக்கிக் கொடுங்கள்' என்று கேட்டதுண்டா? இடுப்புயரத்தில் ஒரு மேடை. குடத்தை வைத்து, மூச்சு வாங்கி, பின் தலைக்கேற்ற. சுமைதாங்கியின் உடன்பிறப்பு. அதன் முகப்பில் வள்ளமோ, வலையோ, வள்ளியாறு கடலிற் கலக்கும் காட்சியோ, 2004 திசம்பர் 26-இல் கடல் கொண்டுபோனவர்களின் நினைவோ, எது வேண்டுமென்று ஊரார் சொல்கிறார்களோ அது. அதன் கீழே நல்ல தமிழில், கல்லில் வெட்டிய எழுத்தில், தொட்டியின் பெயர், எழுப்பிய ஆண்டு, ஆன செலவு, ஊரார் கொடுத்த பங்கு. அமைச்சர் பெயர் வேண்டா. ஒப்பந்தக்காரர் பெயர் வேண்டும், பழுது வந்தால் கேட்பதற்கு!

நம் இயக்கத்தவர்க்கும் ஒரு சொல். தமிழ் எழுத்து இருந்துவிட்டால் போதும், அது கலை என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். பேருந்துகளில் குறளை எழுதிவைத்தது 1967-இல் அமைந்த ஆட்சி செய்த நற்பணிதான். நான் அதில் நாளும் படித்தவன். ஆனால் அதற்குப்பின், எழுதுவதற்கு வேறெதுவும் தோன்றாதபோதெல்லாம் ஒரு குறளை எழுதி ஒப்பேற்றிவிடும் சோம்பல் நம்மைப் பிடித்துக்கொண்டது. குமரி முனையில் 2000 சனவரி 1-இல் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் படிமத்தைப் பாருங்கள். கணபதியாரின் கையும் அறிவும் அதிகார எண்ணிக்கையையே அளவாக்கி, அறத்துப்பாலின் முப்பத்தெட்டைப் பீடமாக்கி, எஞ்சிய தொண்ணூற்றைந்தை அதன்மேல் நிறுத்தின. பொருளிலிருந்து வடிவம் பிறந்தது. அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. அந்த எண்ணம் குழாயடிக் கல்லிலும் இருக்கவேண்டும். அரைகுறைக் கோட்டில் வள்ளுவரை வரைந்து, அடியில் பிழையோடு ஒரு குறளை எழுதுவது வள்ளுவர்க்குச் செய்யும் சிறப்பன்று.

யார் முடிவு செய்வது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மூவர் கூடி முடிவு செய்தால் மறுபடியும் மூக்குக்கண்ணாடியே வரும். ஊரவை முடிவு செய்யட்டும். வரைவுகளை ஊராட்சி மனையில் ஒரு திங்கள் வரை மாட்டிவையுங்கள். நீர் எடுக்க வருவோர் பெரும்பாலும் பெண்டிர். ஆகவே தெரிவுக் குழுவில் பாதிக்குமேல் அவர்களே இருக்கட்டும். கல்தச்சர்க்கும் ஓவியர்க்கும் ஒப்பந்தப்புள்ளி முறையில் 'எவன் குறைத்துக் கேட்டான்' என்று பார்த்து வேலை கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் கல்லுக்கு மாற்றாக வார்ப்புச் சுதையே வந்து நிற்கும். ஒதுக்கிய தொகையில் பத்திலொரு பங்கைப் பராமரிப்புக்கென வைப்பில் போட்டுவையுங்கள். இவ்வளவுதான் சட்டம், ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். சென்னைக் கோட்டையில் எழுதுவதற்கு ஆளில்லையென்றால் நம் இதழிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2022-லிருந்து தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை ஊரவைக் கூட்டங்கள் நடத்தப்பட வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. புதிதாகச் சேர்த்த இரண்டு நாள்களுள் ஒன்று மார்ச்சு 22, தண்ணீர் நாள். மற்றொன்று நவம்பர் 1, உள்ளாட்சி நாள். குமரி தாய்மண்ணோடு இணைந்த நாளும் அந்த நவம்பர் 1-ஆகவே அமைந்துவிட்டது! கடியப்பட்டணம், முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்கள் வரும் நவம்பர் 1-இல் தத்தம் ஊர்க் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். மூன்று வேண்டுகைகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஊர்த் தொட்டியின் பெயர் தமிழில் மாறவேண்டும். இனிக் கட்டும் ஒவ்வொரு தொட்டிக்கும் நீரேற்று நிலையத்துக்கும் செலவில் நூற்றில் ஒன்றை அவ்விடத்துக் கலைக்கு ஒதுக்க அரசைக் கேட்கும் தீர்மானம் நிறைவேற வேண்டும். நீர் வரும் நேரத்தைத் தொட்டியின் நெற்றியில், அந்த அம்மையார் எதிர்பார்த்தபடி, ஒரு முழ உயர எழுத்தில் எழுதவேண்டும். மூன்றாவதற்கு ஒரு குவளை வண்ணமும் ஒரு தூரிகையும் போதும். அதற்குத் தில்லியின் ஒப்புதலும் வேண்டியதில்லை, சென்னையின் ஒப்புதலும் வேண்டியதில்லை.